விருந்தும் விளைநிலமும்: வன்னியின் கூட்டுணவு மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கூடியுண்ணல் பற்றித் தமிழிலே எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அதனை ஒரு பண்பாட்டுச் சிறப்பாகவே போற்றியுள்ளன. விருந்தோம்பலைத் தமிழருக்கே உரிய தனிக் குணமாகக் காட்டும் போக்கு எமது இலக்கிய வரலாறுகளில் இன்றும் வலுவாக உள்ளது. ஆயின், யார் யாருக்கு விருந்தளித்தனர், எவர் சமைத்தனர், எவர் கடைசியிலே உண்டனர், உண்ணப்பட்ட பண்டம் எவரது நிலத்தில் எவரது உழைப்பால் விளைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இவற்றை எழுப்பாது கூடியுண்ணலைப் பேசுவது, பந்தியைக் கண்டு அடுக்களையைக் காணாது விடுவதாகும்.

இக்கட்டுரையில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பைக் களமாகக் கொண்டு இவ்வினாக்களை நோக்க முனைகின்றோம். வன்னியைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. பழைய குளக்கிராமம், அரசாங்கக் குடியேற்றத் திட்டம், மலையகத்திலிருந்து வந்தோரின் குடியிருப்பு, போர்க்காலத்து இடம்பெயர்வு, தடுப்பு முகாம் என ஒன்றையொன்று ஒவ்வாத பல சமூக நிலைமைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் அங்கே அடுத்தடுத்து நிகழ்ந்துள்ளன. ஒவ்வொன்றிலும் மக்கள் கூடி உண்டிருக்கின்றனர். ஆனால் அக்கூடலின் பொருள் ஒவ்வொன்றிலும் வேறு வேறாயிருந்தது.

எமது முடிபை முன்கூட்டியே கூறிவிடலாம். ஒரே வரிசையில் இருந்து உண்பது சமத்துவத்தின் பாதியே. இன்று உண்பவர் நாளை தமது வீட்டிலே பிறருக்கு ஊட்டவும் வல்லவராய் இருத்தல் அதன் மறுபாதி. அவ்வன்மை நிலத்தையும் நீரையும் பற்றியது.

2

சமயங்கள் பலவும் கூட்டுணவைத் தமது ஒழுக்கத்தின் ஒரு பகுதியாக்கியுள்ளன. சீக்கிய சமயத்தின் லங்கர் 16ஆம் நூற்றாண்டிலேயே சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதை விதித்தது. இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்தார். கேரளத்தின் செறாயியில் 1917ஆம் ஆண்டு சகோதரன் ஐயப்பன் நடத்திய மிசிரபோசனத்திலே ஈழவரும் புலையரும் உடனிருந்து உண்டனர். அதற்காக அவர் தம் சமூகத்தாராலேயே விலக்கப்பட்டார்.

19ஆம் நூற்றாண்டில் ஈரானிலே தோன்றிய பஹாய் சமயத்தின் வழக்கமும் இவ்விடத்து நோக்கத்தக்கது. இலங்கையிலும் இச்சமயத்தார் சிறு தொகையினராக வாழ்கின்றனர். அவர்களது நாட்காட்டி 19 நாட்களைக் கொண்ட 19 மாதங்களாலானது. மாதத்துக்கொரு முறை அவர்கள் கூடும் கூட்டம் ‘பத்தொன்பது நாள் விருந்து’ எனப்படும். பிரார்த்தனை, சமூகக் காரியங்களைக் கலந்தாலோசித்தல், உணவு பகிர்தல் என்னும் மூன்று பகுதிகள் அதற்குண்டு. குருமார் என ஒரு வகுப்பினர் அச்சமயத்தில் இல்லை. சிறிய சமூகங்களில் இவ்விருந்து அங்கத்தவர் வீடுகளில் மாறிமாறி நிகழ்வது வழக்கம்.  1873ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற கிதாப்-இ-அக்தாஸ் என்னும் நூலில் பஹாவுல்லா, தண்ணீர் மாத்திரமே கொடுக்க இயலுமாயினும் மாதந்தோறும் விருந்து அளிக்கப்படல் வேண்டும் என விதித்துள்ளார்.

இவ்விதி மற்றையவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகின்றது. தருமச்சாலையில் கொடுப்போரும் கொள்வோரும் வேறு வேறானோர். அங்கே பசி தீர்கின்றது, உறவுநிலை மாறுவதில்லை. மாறிமாறி நிகழும் விருந்திலோ எல்லோரும் தத்தம் முறைவரும்போது விருந்தளிப்போராகின்றனர். தண்ணீர் போதும் என்றமை வறியவரையும் விருந்தளிக்கும் உரிமையுடையவராக்குகின்றது.

எனினும் வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கில் ஒரு வினா எஞ்சுகின்றது. தண்ணீர் மாத்திரமே கொடுப்பதாயினும் கிணறு வேண்டும். அக்கிணற்றை அண்டும் உரிமை வேண்டும். அத்தண்ணீரைக் கைநீட்டி வாங்கும் மனிதரும் வேண்டும். வடபுலத்திலே சாதி ஒடுக்குமுறை முதலில் கைவைத்தது கிணற்றிலேதான் என்பதை நாம் மறத்தலாகாது.

3

வன்னியின் பழைய வாழ்வு குளத்தைச் சுற்றி அமைந்தது. குளம், அதன் கீழ் வயல், வயலருகே குடியிருப்பு, அப்பாற் காடு என்பது அதன் பொதுவான அமைப்பு. 1895ஆம் ஆண்டு வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு, சிதைந்த குளங்களையும் அருகிப்போன மக்கட்டொகையையும் காய்ச்சலையும் பற்றி விரிவாகப் பேசுகின்றது. நிலம் தாராளமாயும் ஆட்பலம் அரிதாயும் இருந்த அத்தகைய சூழலில் ஒரு குடும்பம் தனித்து நின்று அருவி வெட்டவோ சூடு மிதிக்கவோ இயலாது. ஆளுக்காள் மாறி வேலைசெய்யும் முறை இதனாலேயே நிலைத்தது. இன்று ஒருவர் வயலில் எல்லோரும் இறங்குவர். நாளை மற்றவர் வயலில் அவரும் இறங்குவார். வேலை நடக்கும் வீட்டாரே அன்றைய உணவுக்குப் பொறுப்பு. குளத்துத் தாமரை இலையிலே சோறும், வளவிற் பறித்த கத்தரியும் பூசணியும் பயற்றங்காயும், எருமைத் தயிரும் பரிமாறப்பட்டன. குரக்கனும் சாமையும் சேனையிலிருந்து வந்தன. தேனும் பாலைப்பழமும் காடு தந்தவை.

இவ்வுணவைக் கூலி எனவோ தானம் எனவோ கொள்ளமுடியாது. திருப்பிச் செய்யப்படும் உழைப்பின் ஓர் அங்கமாகவே அது அமைந்தது. வன்னியின் அருவிச் சிந்து முதலாய நாட்டார் பாடல்களின் கூட்டுக் குரலும் இவ்வுற்பத்தி முறையிலிருந்தே பிறந்ததெனலாம்.

இச்சமூகத்தின் சமய வெளிப்பாடாக வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் விளங்குகின்றது. வைகாசி மாதத்தில் நந்திக்கடலோரத்தே நிகழும் இவ்விழாவுக்கு முன்னோடியாகப் பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் என்னும் சடங்குகள் நடைபெறும். முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திலே கடல் நீரில் விளக்கெரித்துப் பின்னர் வற்றாப்பளைக்குச் செல்வது மரபு. இதன் மூலக்கதை எமது ஆய்வுக்கு முக்கியமானது. கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர் முன் ஒரு கிழவி தோன்றுகிறாள். அவளுக்கு இடமில்லை. சிறுவர் குழையால் ஒரு கொட்டில் அமைத்துப் புக்கை பொங்கி அவளுக்குக் கொடுக்கின்றனர். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் நீரை விட்டு ஏற்றுமாறு அவள் கூறுகிறாள், விளக்கு எரிகின்றது. அவளே கண்ணகி என்பது பின்னரே தெரியவருகின்றது.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி வணிகர் குலத்துப் பெண். அவளது சினம் ஒரு நகரையே எரித்தது. வன்னியின் கண்ணகியோ வீடிழந்த முதியவள். மாட்டுக்காரச் சிறுவரின் கையிலே உண்டவள். அச்சிறுவரிடம் எண்ணெய்கூட இல்லை; இருந்தும் அவர்களே விருந்தளிப்போர். எளிய உற்பத்தியாளர் தம் வாழ்வின் நெறியைத் தெய்வத்தின் மீதேற்றிய கதை இது. அதே வேளையில், விழாவின் நடைமுறையிலே தொண்டுகள் இன்ன ஊருக்கு, இன்ன குடும்பத்துக்கு என வகுக்கப்பட்டன. கதை எல்லோரையும் அழைத்தது. சடங்கு ஒவ்வொருவருக்கும் இடம் குறித்தது. நிலமானிய உறவுகளுள் வாழ்ந்த ஒரு கிராமியச் சமூகத்தில் இம்முரண்பாடு இயல்பானதே.

4

கிராமியக் கூட்டுணவின் எல்லையைத் தெளிவாகக் காட்டுவது சாதியாகும். சாதியமைப்பில் உணவுக்கு ஒரு திசை உண்டு. சமைத்த உணவு மேலிருந்து கீழே செல்லலாம். கீழிருந்து மேலே செல்லலாகாது. உயர்த்தப்பட்டோர் வீட்டு முற்றத்திலே தாழ்த்தப்பட்டோர்க்குக் கஞ்சி வார்க்கப்படுவதை எவரும் தடுத்ததில்லை; சாதிக் கட்டுப்பாட்டின் காவலரே அதனை மனமுவந்து செய்தனர். பனையோலைப் பிளாவிலே வார்த்த அக்கஞ்சி பசியைத் தணித்தது. அதனுடனேயே தாழ்வையும் உறுதிசெய்தது.

வடபுலத்துச் சாதியெதிர்ப்பு வரலாற்றை இத்திசையின் வரலாறாகவும் வாசிக்கலாம். 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணப் பாடசாலைகளிலே சமாசனம் கொணரப்பட்டபோது அதற்கெதிராக மனுக்கள் எழுந்தன, பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், உணவுக் கடைகள் உட்படப் பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கியது. சட்டப் புத்தகத்தில் இருந்ததை வீதிக்குக் கொணர, 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் எழுச்சி ஊர்வலமும் அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் வேண்டியிருந்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அக்காலத்துப் போராட்டங்களின் வெக்கை அதிலே இருந்தது.

தேநீர்க்கடைப் போராட்டத்தின் கோரிக்கை மிக எளியது: எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே வாங்கு. அது வெல்லப்பட்டது. அதன் வரலாற்று முக்கியத்துவத்தைக் குறைத்துரைக்கலாகாது. ஆயினும் கடை என்பது காசு கொடுப்பவர் உண்ணும் இடம். முதலாளித்துவச் சந்தை பழைய சாதித் தடையைத் தளர்த்தக்கூடிய எல்லை அதுவரையிலேயே. தாழ்த்தப்பட்டவர் வீட்டு அடுக்களையிற் சமைத்ததை மற்றையோர் அவர் முற்றத்திலே இருந்து உண்பார்களா என்ற வினாவுக்கு எந்தச் சட்டமும் விடை தரவில்லை. இவ்வினா வன்னியிற் புதியதொரு வடிவத்தை எடுத்தது.

5

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டமை, கிளிநொச்சியின் தோற்றத்துக்கு அடிப்படையாயிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணிகளை அனுமதிப்பத்திரத்தின் பேரில் விவசாயிகளுக்கு வழங்க வழிசெய்தது. தொடக்ககாலத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் அளிக்கப்பட்டன. பிற்காலத்தில் இவ்வளவு குறைக்கப்பட்டது. மேட்டுநிலத்திலேயே வீடும் வளவும் அமைந்தன. தென்னையும் மாவும் பலாவும் தோடையும் வாழையும் முருங்கையும் நாட்டப்பட்டன. கிணறு ஒன்று வெட்டப்பட்டது.

இவ்வளவின் சமூக முக்கியத்துவம் உரியவாறு மதிப்பிடப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறருடைய காணியிலே குடியிருந்தவர், வன்னிக்கு வந்து தமது பெயரில் ஓர் அனுமதிப்பத்திரம் பெற்றபோது, வாழ்விலே முதன்முறையாக ஒருவரைத் தம் வீட்டுக்கு உண்ண அழைக்கும் நிலையை எய்தினார். குடியேற்றக் கிராமத்திலே அயலவர் பல ஊர்களிலிருந்தும் வந்தோர். காட்டை வெட்டும் காலத்தில் அவர்கள் ஒரு கொட்டிலின்கீழ்ச் சமைத்து உண்ண நேர்ந்தது. சாதி மறைந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. கல்யாணப் பேச்சிலே அது தலைகாட்டியது. எனினும் சோற்றின் திசை ஓரளவு மாறத் தொடங்கியது.

இம்மாற்றம் முழுமை பெறாமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, சந்தை. விசுவமடு, முத்தையன்கட்டு முதலாய இடங்களிற் குடியேறிய படித்த வாலிபர், 1970 தொடக்கம் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலே மிளகாய்ச் செய்கையால் முன்னேறினர். 1977இற்குப் பின்னர் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இருந்த பாதுகாப்பைக் குலைத்தது. தரகரிடமும் வியாபாரியிடமும் பட்ட கடன் வளவையும் தொட்டது. வன்னிக் கிராமத்தவர் சுரண்டப்படுவதைப் பொருளாகக் கொண்ட செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ அதே 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்புக் காட்டுச் சூழலை உள்ளிருந்து காட்டியது. இரண்டையும் ஒப்பிட்டு வாசிப்போர் வன்னிக் கிராமம் பற்றிய எழுத்தின் இருவேறு நோக்குகளைக் காண்பர்.

இரண்டாவது, பெண்களின் நிலை. வளவைப் பேணியவரும் கிணற்றிலே நீர் அள்ளியவரும் சமைத்தவரும் பெரும்பாலும் பெண்களே. அவர்களே கடைசியில் உண்டனர். ஆனால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து ஒழுங்கு ஆண்மக்களுக்கே முன்னுரிமை அளித்தது. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, பந்தியை உருவாக்கியவருக்கு அதன் நிலத்தில் இரண்டாம் இடமே கிடைத்தது.

மூன்றாவது, மலையகத் தமிழரின் நிலை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்கள், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிலே நிலவிய பட்டினியாலும் 1977ஆம் ஆண்டின் இன வன்செயலாலும் உந்தப்பட்டு வன்னிக்கு வந்தனர். தேயிலையை விளைவித்து உலகத்துக்கே பானம் தந்தவர்கள், தமக்கென ஒரு மரம் நாட்டத் துண்டு நிலமின்றி வந்துசேர்ந்தனர். இவர்களிற் பலர் வன்னியிலே வயற்கூலிகளாயினர். வேலை முடிந்ததும் காணிக்காரர் வீட்டில் உணவு கிடைத்தது. காணிக்காரர் இவர்தம் குடிசையிலே உண்ணவில்லை. பழைய திசை, ‘தோட்டக்காட்டார்’ என்னும் புதிய பெயரோடு மீண்டும் வந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் வவுனியாவைத் தளமாகக் கொண்டு 1970களின் பிற்பகுதியில் இயங்கிய காந்தீயம் குறிப்பிடத்தக்கது. கட்டடக்கலைஞர் சோ. அ. டேவிட்டும் வைத்தியர் சோ. இராஜசுந்தரமும் அதனை முன்னின்று நடத்தினர். குடியமர்த்தல், கூட்டுப் பண்ணை, சிறுவர் பள்ளி, நடமாடும் மருத்துவச் சேவை என அதன் பணி விரிந்தது. அவ்வியக்கத்தின் கோட்பாட்டோடு நாம் முழுதும் உடன்படவேண்டியதில்லை. தரும சிந்தையால் வர்க்க உறவுகளை மாற்றலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்தது. ஆயினும், கஞ்சி வார்ப்பதோடு நில்லாது நிலத்திலே குடியிருத்த வேண்டும் என்பதை அது விளங்கிக்கொண்டது. அரசு அதனை விளங்கிக்கொண்ட விதமும் கவனத்துக்குரியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். முல்லைத்தீவு மாவட்டத்து டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் 1984ஆம் ஆண்டு வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் அவ்விடங்களில் நிகழ்ந்த தாக்குதலிலே அவர்களும் பெண்கள், சிறுவர் உட்பட உயிரிழந்தனர். நிலத்தைப் பறித்தவர் மீண்டும் வறியவர்களையே அதன்மேல் நிறுத்தினர் என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றை எழுதவேண்டும்.

6

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியின் மக்கள் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்புக்குள் ஒடுக்கப்பட்டனர். வளவும் வயலும் பின்னால் விடப்பட்டன. அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே பலருக்கு உணவாயிற்று. அதற்கும் வரிசையில் நின்றனர். ஏப்ரல் 8ஆம் நாள் அம்பலவன்பொக்கணையிலே பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் எறிகணைக்கு இலக்காகியமையை, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையிலே பதிந்துள்ளது.

அந்தக் கஞ்சி வரிசையில் எல்லாச் சாதியினரும், காணிக்காரரும் கூலியாளும் ஒன்றாய் நின்றனர். இதனைச் சமத்துவம் எனக் கொண்டாடுவது கொடுமையாகும். எல்லோரும் இழந்தமையால் உண்டான ஒப்புமை அது. போர் முடிந்தபின் ஏறத்தாழ 2,80,000 பேர் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டபோது, தொடக்கத்திலே சமைத்த உணவே வழங்கப்பட்டது. பொதுச் சமையலறைகள் இயங்கின. வடிவத்தால் அது முழுமையான சமபந்தி. ஆனால் முட்கம்பி வேலிக்குள் பிறர் வகுத்த நேரத்தில், பிறர் அளந்ததை உண்ட அம்மக்களுள் எவராலும் ஒருவரை உண்ண அழைக்க முடியவில்லை. விருந்தளிக்கும் உரிமை நீங்கியபின் கூட்டுணவிலிருந்து எஞ்சுவது வெறும் பங்கீடே என்பதை அம்முகாம் எமக்குக் கற்பித்தது.

2012 செப்டெம்பரிலே மெனிக் பாம் மூடப்பட்டபோது கேப்பாப்பிலவு மக்கள் சொந்த ஊருக்கன்றிச் சீனியாமோட்டை மாதிரிக் கிராமத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் காணி படைமுகாமுக்குள் இருந்தது. 2017 ஜனவரி இறுதியில் பிலவுக்குடியிருப்பு மக்கள் முகாம் வாயிலின் முன் வீதியோரத்தே இரவும் பகலும் தங்கிப் போராடத் தொடங்கினர். போராட்டத்தின் முன்னணியில் நின்றோர் பெண்கள். ஒரு மாதத்தின்பின் பிலவுக்குடியிருப்புக் காணி விடப்பட்டது. கேப்பாப்பிலவின் ஏனைய காணிகளுக்கான போராட்டம் தொடர்ந்தது. நிவாரண அரிசி அவர்களுக்குத் தேவையாயிருந்திருக்கலாம்; அவர்கள் கேட்டது தமது வளவை.

கஞ்சியும் தன் பொருளை மாற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாக அது காய்ச்சி வழங்கப்படுகின்றது. உப்பும் அரிசியும் நீரும் சேர்ந்த அவ்வுணவை இன்று காய்ச்சுவோர் தாமே கொடுப்போர்; தெருவால் வருவோர் எவராயினும் அதனை வாங்கி உண்ணலாம். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டனர். வரிசையில் நின்று வாங்கும் கஞ்சியை எவரும் தடைசெய்ததில்லை. மக்கள் தாமே கொடுக்கும் கஞ்சி தடைக்குள்ளாகியது. உணவின் திசையே அரசியல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வன்னியின் கூட்டுணவு வரலாறு ஒரே நேர்கோட்டிற் செல்லவில்லை என்பது புலனாகும். குளக்கிராமத்தின் மாறுவேலை உணவிலே பரிமாற்றம் இருந்தது. சாதி அதன் எல்லையைக் குறுக்கியது. தேநீர்க்கடைப் போராட்டம் ஒன்றாய் உண்ணும் உரிமையை வென்றது. உண்ண அழைக்கும் உரிமை அதற்கப்பால் நின்றது. குடியேற்றத் திட்டம் அவ்வுரிமைக்கு வேண்டிய நிலத்தைச் சிலருக்கு அளித்தது. சந்தையும் ஆணாதிக்கச் சட்டமும் பிரசாவுரிமை மறுப்பும் மற்றையோரை வெளியே நிறுத்தின. முகாமோ சமபந்தியின் வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் உயிரைப் போக்கியது.

சமயங்கள் கற்பித்த விருந்து ஒழுக்கத்தை முற்போக்காளர் இகழவேண்டியதில்லை. தண்ணீர் மாத்திரமாயினும் விருந்தே என்னும் விதியிலும், மாட்டுக்காரச் சிறுவர் கொடுத்த புக்கையை உண்ட கண்ணகியின் கதையிலும், வறியவர் கொடுப்போராகும் உலகொன்றின் கனவு உண்டு. அக்கனவை மெய்யாக்கும் பணி ஒழுக்க போதனையாற் கைகூடுவதன்று. மலையகத்திலிருந்து வந்து இரண்டு, மூன்று தலைமுறையாக வன்னியிலே உழைத்தும் உறுதியின்றிக் குடியிருப்போருக்குக் காணியுரிமை வேண்டும். பெண்ணின் பெயரிலே வளவு வேண்டும். படையினர் வசமுள்ள காணிகள் உரியவரைச் சேர வேண்டும். அதன்பின் யார் வீட்டில் யார் உண்கின்றனர் என்பதைப் பார்த்தே எமது சமூகம் மாறிவிட்டதா என்பதை அளக்கலாம். தாழ்த்தப்பட்டவரென ஒதுக்கப்பட்டவரின் முற்றத்திலே, அவர் வளவுக் கத்தரியிலே காய்ச்சிய கறியோடு, அவர் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துக் காணிக்காரர் எழும் நாள் வரை, சமபந்தி என்ற சொல்லைச் சிக்கனமாகவே பயன்படுத்துவோம்.